நஷ்டத்துக்கு விற்கிற கம்பெனி

இப்போதெல்லாம் ஜனங்கள் கடைக்கு வாங்க வருவதில்லை, வேவு பார்க்க வருகிறார்கள். பெட்டியைத் தூக்குவான், தடவுவான், போனில் படம் பிடித்துக்கொள்வான். விலையைச் சொன்னால் என்னவோ நான் அவன் சட்டைப்பையில் கைவிட்டது போல ஒரு பார்வை. அப்புறம் ஒரு சிரிப்பு. "வெல எறங்கப் போகுதாமே பெரியவரே, அப்ப வர்றோம்." யார் சொன்னது என்றால் எல்லாரும் சொல்கிறார்களாம். பசிக்கிறவன் விலை இறங்கட்டும் என்று காத்திருப்பானா? இவர்களுக்குப் பசியும் இல்லை, வெட்கமும் இல்லை.

நான் விற்பது வீடியோ கேம் மெஷின். டி.வி.யில் மாட்டி விளையாடுவது. முதலில் ரேடியோ விற்றேன், பிறகு டி.வி., இப்போது இது. எனக்கு அதை விளையாடத் தெரியாது. விற்கவாவது தெரியும் என்று நினைத்திருந்தேன்.

விலை இறங்கும் என்று சொல்கிறவர்களில் ஒருவர் என் வீட்டிலேயே இருந்தார். என் மாப்பிள்ளை. எனக்கு இருப்பது ஒரே மகள், அவளைக் கட்டியவர் கடையில் எனக்கு ஒத்தாசை. ஒத்தாசை என்றால் பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எந்தக் கம்பெனிக்காரன் எப்போது விலையைக் குறைத்தான், அடுத்து எப்போது குறைப்பான் என்று கோடு போட்டுப் பார்ப்பது. ஜோசியக்காரன் கூட எதிராளியின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வான். இவர் கம்பெனிக்காரன் முகத்தையே பார்த்ததில்லை.

"மாமா, போட்டிக்காரன் கொறச்சிட்டான். நாம விக்கிற கம்பெனிக்காரன் புது மாடல் கொண்டு வரப் போறான். பழைய சரக்கு குடோன்ல தேங்கிக் கெடக்கு. ஸ்கூல் லீவுக்கு முன்னாடி வெலைய வெட்டுவான், பாருங்க."

"உங்ககிட்ட வந்து சொன்னானா?"

"சொன்னா அதுவரைக்கும் ஒருத்தனும் வாங்க மாட்டானே. நாமதான் மோப்பம் பிடிக்கணும்."

"அதுக்குன்னு ஒரு பிராணி இருக்கு மாப்ள."

"அப்பா!" என்று உள்ளேயிருந்து மகள் அதட்டினாள்.

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே ஒரு லோடு மெஷின் இப்போதே எடுத்து வைப்போம் என்றார். எனக்குத் தலை சுற்றியது. விலை குறையப் போகிறது என்கிறவர் அதற்கு முன்னால் வாங்கி அடுக்கச் சொல்கிறார்! கேட்டேன். விற்காமல் கடையில் இருக்கும் பெட்டிகளுக்கு, விலை வெட்டிய அன்று பழைய விலைக்கும் புது விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கம்பெனியே கொடுத்துவிடுமாம். மற்ற கடைக்காரர்கள் அவன் கொடுப்பானோ மாட்டானோ என்று பயந்துகொண்டு சரக்கு எடுக்க மாட்டார்கள். ஊரே ஓடிவரும் அன்றைக்கு நம்மிடம் மட்டும்தான் மெஷின் இருக்கும்.

"வித்தியாசத்தக் குடுத்தா அவனுக்கு நஷ்டமில்லையா?"

"மெஷின்ல அவனுக்கு எப்பவுமே பெருசா லாபம் இல்ல மாமா. சில நேரம் நஷ்டத்துக்கே விப்பான். மெஷின் வீட்டுக்குள்ள போயிட்டா அப்பறம் கேம் வாங்கிக்கிட்டே இருக்கணும்ல? அதுல எடுத்துடுவான்."

அந்த வார்த்தைதான் எனக்குத் தொண்டையில் சிக்கியது. நஷ்டத்துக்கு விற்கிறேன் என்று சொன்னவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லாரும் வீடு கட்டினார்கள். எவனாவது அப்படிச் சொன்னால் எடையில் குறை இருக்கும், இல்லை சாமானில் குறை இருக்கும்.

ஒப்புக்கொள்ள மறுத்தேன். அப்போதுதான் மாப்பிள்ளை மனதில் இருந்ததைக் கொட்டினார். "எங்க அண்ணன் அவர் ஊருக்கு வேலைக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. இது தப்பாப் போனா இவளக் கூட்டிக்கிட்டு நான் போயிடறேன், வாயத் தொறக்க மாட்டேன். சரியாப் போனா கல்லாவ எங்கிட்ட விட்டுடுங்க." மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தோற்றால் மகள் போவாள். ஜெயித்தால் கல்லா போகும். எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி எனக்குத்தான். சரி என்றேன். கல்லா போனால் வீட்டுக்குள்ளேயாவது இருக்கும்.

லோடு வந்த அன்று அவர்கள் இருவரும் அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தார்கள். சரக்கறையில் கூரை வரைக்கும் பெட்டி. அவ்வளவும் நஷ்டத்துக்கு விற்கிறவன் அனுப்பியது. எப்படி நம்புவது? பிளேடை எடுத்தேன். ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்தேன். மெஷின் இருக்கிறதா, வயர் இருக்கிறதா, கையில் பிடித்து விளையாடும் அந்தச் சாமான் இருக்கிறதா. எல்லாம் இருந்தன. எல்லாம் ஒழுங்காக இருந்ததே எனக்கு இன்னும் சந்தேகமாகத்தான் இருந்தது. திரும்பவும் மூடி, பழுப்பு டேப் ஒட்டி அடுக்கிவிட்டேன். கம்பெனிக்காரன் ஒட்டியதைவிடச் சுத்தமாக.

லீவு தொடங்குவதற்கு முந்தின வாரம் விலை வெட்டப்பட்டது. மாப்பிள்ளை போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கும் வீட்டுக்கும் ஓடினார். மகள் என்னைப் பார்த்த பார்வையில் "இப்ப என்ன சொல்றீங்க" என்பது எழுதி ஒட்டியிருந்தது. மறுநாள் கம்பெனியிலிருந்து சரக்கை எண்ண ஒரு அம்மாள் வந்தாள். சரக்கறைக்குள் போனவள் அப்படியே நின்றாள்.

"ஐயா, இந்த டேப் யார் ஒட்டினது?"

"நான்தான். ஏன், கோணலா இருக்கா?"

"சீல் உடைச்ச பெட்டி கணக்குல வராதுங்க."

"உள்ள மெஷின் இருக்கும்மா. ஒவ்வொண்ணா நானே பாத்தேன்."

"பிரிச்சிட்டா அது வெளையாடினதா வெளையாடாததான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இந்த வயசுல நான் உக்காந்து கேம் வெளையாடிருப்பேன்னு நெனைக்கிறியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பிரித்த பெட்டிகளில் ஒன்றுகூடக் கணக்கில் ஏறவில்லை.

மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார். "எல்லாத்தையுமா மாமா?"

"அடில ஒரு மூணு விட்டுட்டேன். குனிய முடியல."

அன்று சாயங்காலமே கூட்டம் வந்தது. அவர் சொன்னபடியே வேறு கடைகளில் சரக்கு இல்லை. ஆனால் டேப்பைப் பார்த்ததும் ஒவ்வொருவரும், "பிரிச்ச பெட்டியா? அப்ப இன்னும் கொறைங்க" என்றார்கள். நான் விட்டுக்கொடுக்காமல் கத்தினேன். மாப்பிள்ளை பேசாமல் குறைத்துக் கொடுத்தார். லோடு முழுவதும் போயிற்று, கூடவே எங்கள் முதலிலும் ஒரு பங்கு. அந்தத் தெருவில் நிஜமாகவே நஷ்டத்துக்கு விற்றவன் நான் ஒருவன்தான்.

கூட்டம் கலைந்தபின் அவர் கல்லாப் பக்கம் வரவே இல்லை. கடையின் நடுவில் நின்றார்.

"கல்லா வேணாம் மாமா. நாங்க அண்ணன்கிட்டயே போறோம். பிரிக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"சீல் பத்தி நீங்க ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"விக்க வந்த புதுப் பெட்டிய எந்தக் கடைக்காரராவது பிரிப்பாரா?"

"எந்த வியாபாரியாவது நஷ்டத்துக்கு விப்பானா?"

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "போதும் ரெண்டு பேரும்! அப்பா, அவர் சொன்னபடி வெல எறங்குச்சா இல்லையா?"

"எறங்குச்சு."

"அப்ப குடுத்த வார்த்தைய நீங்க காப்பாத்துங்க. அவரு போறதா இருக்கறதாங்கறத நான் பாத்துக்கறேன்."

எழுந்தேன். சாவியை மேஜையில் வைத்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை எனக்கு வாயில் வராது, அது அவளுக்கும் தெரியும். நாற்காலியை மட்டும் துண்டால் தட்டி அவர் பக்கம் தள்ளினேன்.

"உக்காருங்க மாப்ள. இனிமே எதையும் பிரிக்க மாட்டேன்."

அவர் மகளைப் பார்த்தார். மகள் நாற்காலியைப் பார்த்தாள். அப்புறம்தான் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் விட்டாரா?

"இப்பவாவது ஒத்துக்கறீங்களா மாமா? அவன் மெஷின்ல விட்டு கேம்ல எடுக்கறான். அவ்வளவுதான், வேற சூது ஒண்ணும் இல்ல."

"நான் பெட்டியத்தான் பிரிச்சேன், மெஷினப் பிரிக்கல. உள்ள என்ன இருக்குன்னு யாரு கண்டா?" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தேன்.