மலையில் தெரிந்த சைக்கிள் சில்லு

கலியாணம் முடித்து வந்த முதல் நத்தார். ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தொன்று. ஊர்காவற்றுறையில் எங்கள் தெருவில் நத்தாருக்கு வீட்டுக்கு வீடு, யேசு பிறந்த மாட்டுத்தொழுவம்போலப் பாலன் கொட்டில் கட்டுவோம். பழைய கடதாசியைக் கசக்கி, மாப்பசையில் தோய்த்து, கரித்தூள் பூசிவிட்டால் கொட்டிலுக்குக் கல்மலை தயார். கட்டிலுக்கடியில் ஒரு தகரப்பெட்டி நிறையக் கடதாசி கிடந்தது. ஒருவரைக் கேட்டு வேலை செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. முழுவதையும் கசக்கிவிட்டேன்.

மத்தியானம் மீன்பிடித்துவிட்டுக் கடலால் வந்த என் மனுசன் பிலிப்பு கொட்டிலுக்கு முன்னால் குந்தினார். கும்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் விரல் மலையில் ஓரிடத்தைத் தடவியது. கரிக்குள்ளால் ஒரு சைக்கிள் சில்லு வட்டமாய், கம்பிகளோடு தெரிந்தது.

"பெட்டிக்குள்ள இருந்த கடதாசியோ?"

"ஓம். ஏன்?"

"ஒண்டுமில்லை."

ஒன்றுமில்லை என்றுவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"வாயில கொழுக்கட்டையோ? சொல்லுங்கோவன்!"

சொன்னார். பழைய இங்கிலீசு மாதப் புத்தகங்களில் வந்த சைக்கிள் விளம்பரங்களாம். பத்து வருசமாக வெட்டிச் சேர்த்தாராம். தொப்பி பறக்கச் சைக்கிள் ஓடுகிற வெள்ளைக்காரி, பின்னால் ஒரு நாய், இப்படி நூற்றுப் பதினேழு படம்.

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்னட்டைச் சைக்கிளும் இல்லை, இங்கிலீசும் தெரியாது. படம் வெட்டுறன் எண்டா நீர் சிரிப்பீர் எண்டு பயந்தனான்."

அவர் பயந்ததில் பிழையில்லை. ஏனென்றால் நான் சிரித்துத்தான் இருப்பேன்.

ஈரத்துணி வைத்து மலையை உரித்துப் பார்த்தேன். எல்லாம் பிய்ந்து பிய்ந்து வந்தது. பிலிப்பு என் கையைப் பிடித்தார்.

"விடும். மலை வடிவாத்தான் இருக்கு."

அதைக் கேட்டுத்தான் அழுதேன்.

நத்தார் முடிந்த கிழமை அவரை இழுத்துக்கொண்டு பக்கத்து ஊரான கரம்பனுக்கு நடந்தேன். மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனில் வந்த ஆழ்வாப்பிள்ளை ஐயா வீட்டு அலுமாரியிலிருந்துதான் அந்தப் புத்தகங்கள் வந்தவை. மீன் சுற்ற என்று பொய் சொல்லி வாங்கினதாக வழியில் பிலிப்பு ஒத்துக்கொண்டார்.

"என்ன பிலிப்பு, மீன் சுத்தக் கடதாசியோ?" என்றார் ஐயா.

பிலிப்பு தலையாட்டப் போனார். நான் முந்திக்கொண்டேன்.

"இல்லை ஐயா. சைக்கிள் விளம்பரம் வெட்டிச் சேக்கிறம்."

"ஆர் சேக்கிறது?"

"நாங்கள் ரெண்டு பேரும்."

ஐயா வயிறு குலுங்கச் சிரித்தார். பிலிப்பு நிலத்தைப் பார்த்தார்.

"சிரியுங்கோ ஐயா. புத்தகத்தை எடுத்துத் தந்திட்டு ஆறுதலாச் சிரியுங்கோ!" என்றேன்.

பிலிப்புக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஐயா உள்ளே போய், அட்டை கழன்ற ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார். பிலிப்பு இரண்டு கையாலும் அதை வாங்கி, திறந்துகூடப் பார்க்காமல் என்னிடம் தந்தார்.

"முதல் படம் நீர் பாரும்," என்றார்.