மச்சினன் கொண்டுவந்த ரெயில்

தொழிற்சாலையில் அவருக்கு ‘ரிஜெக்ட்’ என்றுதான் பட்டப்பெயர். தரப் பரிசோதனை மேசையில் உட்கார்ந்து, வந்த உருப்படியில் பாதியை முகம் சுளித்துத் திருப்பி அனுப்பிய மனிதர். அந்த வேலையை விட்டுவிட்டு இப்போது வீட்டின் பின்னறையில் சொந்தமாக, இரும்பைச் செதுக்கி வெட்டும் ஒரு மில்லிங் மெஷின் கட்டிக்கொண்டிருந்தார். அது பிசகாமல் வெட்டினால் மனைவியின் தம்பியும் அவரும் கூட்டாகப் பட்டறை போடுவதாகப் பேச்சு. மச்சினனும் தன் வேலைக்கு முழுக்குப் போடத் தயாராக இருந்தான். கூட்டுத் தொழில் என்றால் ஒருவரை ஒருவர் நம்ப வேண்டும். அதுதான் அவருக்கு வராத வித்தை.

வெட்டவேண்டிய இரும்பைத் தாங்கி நகரும் மெஷின் மேசை எதன்மேல் ஓடுவது என்பதில்தான் மாதக்கணக்கில் இழுபறி. உருண்டைத் தண்டு போட்டால், இரண்டு முனையில் மட்டும் பிடிப்பதால் நடுவில் தொய்யும் என்று தள்ளினார். தண்டவாளம் போன்ற சதுர ரெயில் நீளம் முழுக்க அடித்தட்டில் படிந்து உட்காரும். அதுதான் சரி என்று கடையில் ஒரு ஜோடி வாங்கினார். பெரிய கம்பெனியின் முத்திரை இருந்தது. நகத்தால் சுரண்டியதும் முத்திரை உரிந்து வந்துவிட்டது, போலிச் சரக்கு. அன்றிலிருந்து பளபளக்கும் இரும்பைப் பார்த்தாலே நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்.

பழைய மெஷின்களைப் பிரித்து விற்கும் கிடங்கில் வேலை பார்க்கும் மச்சினன், ஒருநாள் ஒரு ஜோடி ரெயிலையும் அதன்மேல் ஓடி மேசையைத் தாங்கும் நாலு பிளாக்கையும் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான்.

“அளவு பாக்குற மெஷின்ல இருந்தது மாமா. அதிகமா ஓடவே இல்ல. பாத்துப் பாத்து எடுத்தேன்.”

பிளாக்கைத் தள்ளிப் பார்த்தார். போனது, ஆனால் கொஞ்சம் முரண்டு பிடித்தது.

“இறுக்குதேப்பா?”

“இறுக்கணும் மாமா. உள்ள உருளுற இரும்புக் குண்டு இடத்தை விட ஒரு துளி பெருசா இருக்கும். அப்பதான் வெட்டும்போது ஆட்டம் இருக்காது. ஒண்ணே ஒண்ணு, பிளாக்கை ரெயிலை விட்டு மட்டும் கழட்டிடாதீங்க. குண்டெல்லாம் கொட்டிடும்.”

அவன் போன பிறகு அந்தக் கடைசிப் பேச்சு அவர் மண்டையைக் குடைந்தது. கழட்டாதே என்கிறான் என்றால், உள்ளே பார்க்கக் கூடாத எதுவோ இருக்கிறது.

“அவன் என் தம்பிங்க. சப்ளையர் இல்ல” என்றாள் மனைவி.

“சப்ளையரா இருந்தா இந்நேரம் திருப்பி அனுப்பியிருப்பேன்.”

ரெயிலை அடித்தட்டில் பூட்டி, மயிரிழை ஏற்ற இறக்கத்தையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்துப் பிளாக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓட்டினார். முள் அசைவேனா என்றது. வேறொருவர் என்றால் துள்ளிக் குதித்திருப்பார். இவருக்கோ சந்தேகம் இரட்டிப்பானது. இவ்வளவு நல்ல சாமானை எவன் கழட்டி விற்பான்?

மறுநாள் மனைவி வேலைக்குக் கிளம்பியதும் ஒரு பிளாக்கை ரெயிலின் முனைவரை தள்ளினார். இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

குண்டுகள் சரசரவென்று கொட்டித் தரையெங்கும் ஓடின. சில தண்ணீர் போகும் ஓட்டைக்குள் விழுந்தன. கையில் மிஞ்சிய வெற்றுப் பிளாக்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துரு இல்லை, தேய்மானம் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. அவன் சொன்னது அத்தனையும் உண்மை. மகிழ்ச்சி வரவில்லை, வெட்கமாக இருந்தது.

முட்டி போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். கிடைக்காததற்குப் பதிலாகப் பேரிங் கடையில் அதே அளவில் குண்டு வாங்கி வந்து, பிளாக்கில் அடைத்து ரெயிலில் ஏற்றினார். அவருடைய மைக்ரோமீட்டருக்கு வித்தியாசம் தெரியவில்லை. பிளாக்குக்குத் தெரிந்தது. பாதி தூரம் போய்க் கரகரத்தது, நின்றது, மறுபடி குதித்துப் போனது. டயல் முள் ஆட்டம் போட்டது. யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை.

அந்த வாரக் கடைசியில் மச்சினன் ஒரு நீளமான பொட்டலத்தோடு வந்தான். வந்ததும் வராததுமாகப் பிளாக்குகளை ஒவ்வொன்றாகத் தள்ளினான். கடைசிப் பிளாக்கில் கை நின்றது. முகம் சுண்டிப்போனது.

“மாமா, இது என் தப்பு. நாலுல மூணைத்தான் தள்ளிப் பாத்திருக்கேன் போல. கூட வேலை பாக்குறவன்தான் இதைப் பிரிச்சான். கீழ போட்டுட்டு சொல்லாம விட்டிருக்கான். அவனை இன்னைக்கு உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்.”

போனை எடுத்து எண்ணைத் தேட ஆரம்பித்தான். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, பேசாமல் இருந்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. தன்னைக் கொஞ்சமும் சந்தேகிக்காத அந்த முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

“போனை வை. நான்தான் கழட்டினேன்.”

“கழட்டாதீங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன் மாமா?”

“நீ சொன்னதாலதான் கழட்டினேன்.”

வாசற்படியில் மனைவி நின்றிருந்தாள். மச்சினன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்தான். மெஷின் மேசையை நகர்த்துவதற்கான திருகுத் தண்டு, ‘பால் ஸ்க்ரூ’, எண்ணெய் தடவி, நட்டோடு இருந்தது. அதை அவருடைய வேலை மேசைமேல் கிடத்தி, பக்கத்தில் ஒரு ஸ்பேனரை வைத்தான்.

“இந்த நட்டுக்குள்ளயும் குண்டுதான் மாமா. இப்பவே பிரிச்சுப் பாத்துடுங்க. நான் இங்கயே இருக்கேன்.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவருக்குக் கை நீளவில்லை. மனைவி உள்ளே போய், குண்டு சிதறாமலிருக்க ஒரு அகலமான தட்டை எடுத்துவந்து நட்டின் கீழே வைத்தாள்.