நெற்றிச் சூடு

அன்று காலை லாவினியா எல்சியின் நெற்றியில் கன்னத்தைப் பதிக்கவில்லை. வலைக்கதவைப் பாதி திறந்து ஓரடி தள்ளி நின்றுகொண்டு, "பக்கத்துக் கதவு வழியா வா கண்ணு. இன்னிக்கு எல்லாரும் பின்னாடி தோட்டத்துலதான்" என்றாள். பிரையனியின் இடுப்பில் இருந்த அவள் குழந்தை எல்சி வழக்கம்போலத் தலையை முன்னால் நீட்டிக் கண்ணை மூடிக் காத்திருந்தது. ஒன்றும் நடக்கவில்லை என்றதும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. பிறகு இன்னும் கொஞ்சம் நீட்டியது.

"இந்தக் குளிர்லயா?" என்றாள் பிரையனி.

"கோட்டு போட்டுவிடு" என்று சொல்லிவிட்டு லாவினியா உள்ளே போய்விட்டாள்.

நெற்றியைத் தொட்டுப் பார்த்து உள்ளே விடுவது அந்த வீட்டின் சட்டம். மில்டுரா ஊரில் தங்கள் வீட்டிலேயே நாலைந்து பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். காதில் வைத்துக் காய்ச்சல் பார்க்கும் கருவி எல்லாரிடமும் உண்டு. லாவினியாவிடமும் ஒன்று இருந்தது. சோதனைக்கு வரும் அதிகாரியிடம் எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்ப இழுப்பறையில் போட்டுவிடுவாள். மற்ற நாட்களில் அவள் கன்னம்தான் கருவி. தன் பெரிய உடம்பை வளைத்து, பிள்ளையின் நெற்றியில் கன்னத்தை அழுத்தி, தன் சொந்தத் தீவான டோங்காவில் முத்தமிடுவதைப் போல மூக்கால் மெல்ல ஒருதரம் இழுப்பாள். சூடு இருந்தால் கன்னத்துக்குத் தெரியும். விடிந்ததும் மருந்து புகட்டிச் சூட்டை அமுக்கிக் கொண்டு வந்திருந்தால் அந்த மருந்தின் ஸ்ட்ராபெரி வாசனை மூக்குக்குத் தெரியும். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ கண்ணு" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. ஆறடி உயரம், லாரி ஓட்டுகிற கை, அப்பேர்ப்பட்ட வேட் என்பவன்கூடத் தன் பால்குடி மகனைத் தூக்கிக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பிப் போயிருக்கிறான்.

மூன்று வாரத்துக்கு முன் பிரையனியும் அப்படித் திரும்பிப் போனாள். காரில் வரும்போது எல்சி பாலைக் கக்கிவிட்டது. மேடுபள்ளச் சாலை, வயிறு முட்டப் பால், கார் குலுங்கினால் எந்தப் பிள்ளையும் கக்கத்தான் செய்யும் என்று பிரையனி வாதாடிப் பார்த்தாள். சட்டையை மாற்றித்தான் கொண்டு வந்திருந்தாள், மூக்கு கண்டுபிடித்துவிட்டது. வாந்தி நின்று முழுசாக இரண்டு நாள் கழிந்தால்தான் உள்ளே அனுமதி. அந்த இரண்டு நாளுக்கும் கட்டணம் உண்டு. பிள்ளை வராவிட்டாலும் அதன் இடம் அதற்கென்று காலியாகக் காத்திருக்கிறதாம், ஆகவே இடத்துக்குக் கூலி. பிரையனி வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இதற்கு நேர்மாறு. அவள் போகாத நாளில் அவள் இடம் யாருக்காகவும் காத்திருக்காது, வேறொருத்தி வந்து நிற்பாள், கூலி அவளுக்குப் போகும். ஒரே வாந்திக்கு இரண்டு பக்கமும் அடி. இந்த விதிகளை எழுதியவர்கள் பிள்ளை பெறாதவர்களாக இருக்க வேண்டும், அல்லது பெற்றதை வேறு யார் தலையிலோ கட்டியவர்களாக இருக்க வேண்டும்.

அந்த இரண்டு நாளுக்குப் பிறகு, வேலை நாட்களைப் பிரித்துக் கொடுக்கும் நொரீன் அவளை அறைக்குக் கூப்பிட்டாள். "உன் வேலைல ஒரு குறையும் இல்ல பிரையனி. ஆனா உன்ன நம்பி ரோஸ்டர் போட முடியல. இந்த மாசம் ஒரு நாள்கூட விடாம வந்துடு. நிரந்தரத்துக்கு உன் பேரையே எழுதிடறேன்." நிரந்தரம் என்றால் விடுப்பு. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டில் இருக்கலாம், கூலி வந்துவிடும். அந்த நாள் எப்படி இருக்கும் என்று பிரையனி அடிக்கடி நினைத்துப் பார்ப்பாள். எல்சிக்கு லேசான காய்ச்சல், இருவரும் ஒரே போர்வைக்குள், அடுப்பில் சூப்பு, அவசரமில்லை. எல்சியின் அப்பா மேற்கே சுரங்க வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் ஆகிவிட்டவன். ஆக, அந்தப் போர்வைக்குள் வேறு யாரையும் அவள் கற்பனை செய்யவில்லை. நோயில் விழுந்த பிள்ளையோடு வீட்டில் இருக்கும் உரிமையைச் சம்பாதிக்க, ஒரு மாதம் அந்தப் பிள்ளை நோயில் விழாமல் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமையோடு மாதம் முடிகிறது. இன்று செவ்வாய்.

பக்கத்துக் கதவு வழியாக எல்சியைத் தோட்டத்தில் விட்டுவிட்டுக் கார் வரை போனவள், பின்சீட்டில் துணி முயல் கிடப்பதைப் பார்த்தாள். அது இல்லாமல் எல்சி தூங்காது. எடுத்துக்கொண்டு திரும்பி, குறுக்கு வழியாகத் துவைக்கும் அறைக் கதவைத் திறந்தாள். பிளீச் நெடி மூக்கில் அறைந்தது. தொட்டியில் படுக்கை விரிப்புகள் ஊறிக்கொண்டிருந்தன. முதியோர் இல்லத்தில் இந்த நெடிக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். உள்ளறைக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. தரையில் ஒரு மெத்தை, பக்கத்தில் வாளி, மெத்தைமேல் லாவினியாவின் மகன் ஃபிலிபே. பள்ளிக்கூடத்தில் முதல் வருடம் படிக்கிறவன். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

"நான் சத்தம் போடக்கூடாதாம்" என்று அவன் கிசுகிசுத்தான். "அம்மா சொன்னாங்க."

"சரி, போடாத" என்றாள் பிரையனி. அவள் குரலும் தானாகவே கிசுகிசுப்பாகிவிட்டது.

"தண்ணி குடிச்சாக்கூட வெளிய வந்துடுது."

பின்னால் லாவினியா வந்து நின்றாள். இரண்டு கைகளிலும் ரப்பர் உறை. அறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். "நேத்து ராத்திரி ஆரம்பிச்சுது" என்றாள். வேறு எதையும் சொல்லி மழுப்பவில்லை.

மூன்று வாரமாகப் பிரையனி அவளைக் கேட்பதற்கென்று சில கேள்விகளை மனசுக்குள் தீட்டி வைத்திருந்தாள். பாத்திரம் கழுவும்போதும் கார் ஓட்டும்போதும் அவற்றைச் சொல்லிப் பார்த்திருந்தாள். இப்போது சந்தர்ப்பம் தானாக வந்து காலடியில் விழுந்திருந்தது.

"எம் பொண்ணு ஒரு வாய் பாலக் கக்குனதுக்கு ரெண்டு நாள் வெளிய நிறுத்துனீங்க."

"நிறுத்துனேன்."

"காசும் வாங்குனீங்க."

"வாங்குனேன்." லாவினியா தொட்டியைப் பார்த்தபடி பேசினாள். "உம் பிள்ள படுத்தா எனக்குக் காசு வரும். எம் பிள்ள படுத்தா நான் கதவ மூடணும், மூடுன நாளுக்கு யாருகிட்டயும் கை நீட்டக்கூடாது. நாலு பிள்ளைங்க காசும் போச்சு. திராட்சத் தோட்டத்துல கவாத்து வேல முடிஞ்சு ரெண்டு வாரமா எம் வீட்டுக்காரரும் வீட்டுலதான். இன்னிக்கு வேற தோட்டம் கேட்டுப் போயிருக்காரு." கொஞ்சம் நிறுத்தினாள். "எல்லாரையும் வெளியவே வெச்சுக்கறேன். கை கழுவிக் கழுவித் தோலு உரிஞ்சு போச்சு. அதான் எல்சியத் தொடல."

வெளியே எல்சி எதற்கோ சிரித்தது.

"கூட்டிட்டுப் போறதுன்னா கூட்டிட்டுப் போ கண்ணு. வேட்கிட்ட சொல்லணும்னாலும் சொல்லு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

பிரையனிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். கோபத்தோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். நொரீன், வெள்ளிக்கிழமை, போர்வை என்று அவள் மனசு ஓடியது. தோட்டத்துக் காற்று நல்ல காற்று என்று ஒரு நினைப்பு வந்தது. ஃபிலிபே உள்ளேதானே இருக்கிறான், கதவும் சாத்தியிருக்கிறது என்று இன்னொன்று வந்தது. கையில் இருந்த முயலைப் பார்த்தாள். பிறகு அதை நீட்டினாள்.

"இது இல்லாம மத்தியானம் தூங்க மாட்டா."

லாவினியா உறையைக் கழற்றி, கையைக் கழுவித் துடைத்துவிட்டு முயலை வாங்கிக்கொண்டாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

முதியோர் இல்ல வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண், குளிர்காலம் முழுக்க, உள்ளே போகிற எல்லாரிடமும் ஒரே கேள்வியைத் தலை நிமிராமல் கேட்பாள். "வீட்டுல யாருக்காவது வாந்தி, பேதி?"

"இல்ல" என்றாள் பிரையனி. அவள் வீட்டில் யாருக்கும் இல்லைதான். அந்த உண்மையை இறுகப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

போன குளிர்காலத்தில் அந்த வாந்தி பேதி கிழக்குத் தாழ்வாரத்தில் நுழைந்துவிட்டது. பத்து நாள் கதவுகளை அடைத்து, தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு வேலை செய்தார்கள். திறந்தபோது மூன்று அறைகளின் வாசலில் பெயர் அட்டை இல்லை. அதை யார் கொண்டு வந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. தான் இல்லை என்பது மட்டும் அங்கே வேலை செய்த ஒவ்வொருவருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

அந்தத் தாழ்வாரத்தில்தான் ஐவி இருந்தாள். தொண்ணூறைத் தாண்டியவள். பிரையனி ஊட்டினால்தான் வாய் திறப்பாள். மற்றவர்கள் ஊட்டினால் உதட்டை இறுக்கி, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். சாப்பிட்டு முடித்ததும் பிரையனியின் கையைப் பிடித்து இழுத்துப் புறங்கையில் ஒரு முத்தம் வைப்பாள். அதுதான் கூலி என்று நொரீன்கூடக் கேலி செய்வதுண்டு. அன்று பிரையனி முழங்கை வரை இரண்டு தடவை தேய்த்துக் கழுவிவிட்டு வந்து கஞ்சி ஊட்டினாள். கடைசிக் கரண்டி முடிந்ததும் சட்டென்று எழுந்துகொண்டாள்.

"என்னடி, இன்னிக்குக் கை குடுக்க மாட்டியா?" என்றாள் ஐவி.

"வேல கெடக்கு ஐவி."

"நான் என்ன செஞ்சேன்?"

பிரையனி கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள். பிறகு கையைக் கொடுத்தாள்.

புதன்கிழமை ஒன்றும் ஆகவில்லை. எல்சி இரண்டு வாழைப்பழம் தின்றது, சாயங்காலம் காரில் கத்திக்கொண்டே வந்தது. பிரையனிக்கு உலகத்தின்மேல் அன்பு வந்துவிட்டது. இவ்வளவுதான், சும்மா பயந்தோம் என்று நினைத்தாள். வியாழன் விடிவதற்குள் எல்சி இரண்டு தடவை வாந்தி எடுத்தது. வாழைப்பழமும் பாலும் போர்வையெல்லாம். குளிப்பாட்டி மடியில் போட்டுக்கொண்டபோது உடம்பு கொதித்தது. அழவில்லை, முயலின் காதைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்தது.

பிரையனி போனைக் கையில் எடுத்தாள். நொரீனின் பெயர் வரை போனாள். நாளைக்கு வெள்ளிக்கிழமை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மருந்துப் புட்டியை எடுத்தாள். ஸ்ட்ராபெரி வாசனை அறை முழுக்கப் பரவியது. அரைமணியில் சூடு இறங்கியது, முழுசாக இல்லை. அவள் வயிற்றிலும் ஏதோ புரண்டது. தூக்கமில்லாததால் என்று சொல்லிக்கொண்டு ஒரு டீ போட்டாள். குடிக்க முடியவில்லை.

காரில் போகும்போது அவளுக்கு ஒரு தைரியம் இருந்தது. லாவினியாவால் இன்று ஒன்றும் சொல்ல முடியாது. எந்த வாயால் சொல்வாள்? இரண்டு நாள் வெளியே நிறுத்தும் அந்தப் பெரிய சட்டம் செவ்வாய்க்கிழமையே அந்த முயலோடு கைமாறிவிட்டது. வாசலில் காரை நிறுத்தி எல்சியைத் தூக்கியபோது அந்தத் தைரியம் எவ்வளவு கேவலமானது என்று தெரிந்தது. தெரிந்தும் படியேறினாள்.

ஃபிலிபே சீருடை போட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து காலுறை மாட்டிக்கொண்டிருந்தான். முகம் தெளிந்திருந்தது. "நான் ரெண்டு ரொட்டி தின்னுட்டேன்" என்று அவளிடம் பெருமையாகச் சொன்னான்.

லாவினியா வலைக்கதவைத் திறந்துகொண்டு வந்தாள். இன்று கையில் உறை இல்லை, தள்ளியும் நிற்கவில்லை. பிரையனியின் முகத்தைப் பார்த்தாள். சிவந்த கண்களையும், ஈரம் காயாத எல்சியின் தலைமுடியையும் பார்த்தாள். பிரையனி வாய் திறக்கப் போனாள்.

அதற்குள் எல்சி கண்ணை மூடி நெற்றியை நீட்டிவிட்டது.

லாவினியா குனிந்து தன் கன்னத்தை அதன்மேல் பதித்தாள். மூக்கால் மெல்ல இழுத்தாள். இழுத்த மூச்சை விடாமல் அப்படியே நின்றாள். ஒரு கை வலைக்கதவின் விளிம்பைப் பிடித்திருந்தது. தெருவில் வேட்டின் வண்டி வந்து நின்றது. கதவு சாத்தும் சத்தமும், கூடைத்தொட்டிலோடு அவன் மகனைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் விசிலடித்து வரும் சத்தமும் கேட்டன. லாவினியா கன்னத்தை எடுக்கவில்லை. செவ்வாயிலிருந்து கிடைக்காமலிருந்தது கிடைத்துவிட்டதால், எல்சி சூடான இரண்டு கைகளாலும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.