ஒற்று அக்காவும் நான்காம் பத்தியும்

அச்சகத்தில் எனக்கு ஒற்று அக்கா என்று பெயர். க், ச், த், ப் எங்கே விடுபட்டிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. பதினேழு வருஷமாகப் பள்ளிப் பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். எழுத்துப் பிழை என் வேலை, கருத்துப் பிழை என் வேலை இல்லை. இதை எங்கள் மேலாளர் வாரத்துக்கு ஒரு தடவையாவது ஞாபகப்படுத்துவார்.

அன்று காலை என் மேசைக்கு வந்தது ஆறாம் வகுப்பு வரலாறு, பதினான்காம் பாடம். இஸ்லாத்தின் தோற்றமும் பரவலும், மொத்தம் நான்கு பக்கம். முதல் பத்தியில் வணிகக் கூட்டங்கள் வந்துபோகும் பாலைவன நகரம். இரண்டாவதில் குகை, "ஓதுவீராக" என்று இறங்கிய முதல் சொல், ஒரே இறைவன் என்ற கொள்கை. மூன்றாவதில் முதன்முதலில் நம்பியவர்கள்: நபியின் மனைவி, சில அடிமைகள், நாதியற்ற ஏழைகள். கடைசிப் பக்கத்தை முன்கூட்டியே புரட்டிப் பார்த்தேன். மதம் பரவிய கதையில் படை போனதையும் எழுதியிருந்தார்கள், சரக்குக் கப்பல் போனதையும் எழுதியிருந்தார்கள். எழுதினவர் நேர்மையான ஆள்தான் என்று நினைத்தபடி நான்காம் பத்திக்கு வந்தேன்.

"இம்மதத்தினர் நபிகள் நாயகத்தை நாள்தோறும் ஐந்து வேளை வணங்குகின்றனர்."

ஒற்றெல்லாம் சரி. ஒருமை பன்மை சரி. ஆனால் வாக்கியமே தலைகீழ். நாங்கள் தொழுவது இறைவனை. நபி அவனுடைய தூதர், மனிதர். அவர்மேல் உயிரையே வைத்திருக்கிறோம், அது வேறு. அவரை வணங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த ஒன்றை எடுத்துவிட்டால் மிச்சம் மூன்றரைப் பக்கமும் வெறும் காகிதம்.

என் மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. அடுத்த வருஷம் இந்தப் புத்தகம் அவள் பையில் இருக்கும். யாரை வணங்குகின்றனர் என்று தேர்வில் கேட்பார்கள். பொய்யை எழுதினால் மதிப்பெண், உண்மையை எழுதினால் சுழி. மெய்ப்புத் தாளின் அடியில் சரி பார்த்ததாக என் கையெழுத்து வேறு இருக்கும். எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. தாளை எடுத்துக்கொண்டு மேலாளரின் கண்ணாடி அறைக்குப் போனேன்.

"சார், இதுல ஒரு தப்பு இருக்கு."

"திருத்து. அதுக்குத்தானே இருக்க."

"ஒற்று இல்ல சார், விஷயமே தப்பு. நாங்க நபியை வணங்குறதில்ல. அவர் இறந்த அன்னைக்கே அவரோட தோழர் எல்லார் முன்னாடியும் நின்னு சொல்லிட்டார். அவரை வணங்கினவங்க யாராவது இருந்தா தெரிஞ்சுக்கோங்க, அவர் போயிட்டார். இறைவனை வணங்கினா, அவனுக்குச் சாவு கிடையாதுன்னு. இதைவிட எப்படிச் சார் தெளிவா சொல்றது?"

மேலாளர் வாக்கியத்தைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரு சொல்லுல என்னம்மா வந்துடப் போகுது? நீகூடத்தான் தினமும் எனக்கு வணக்கம் சொல்ற. அப்ப என்னைக் கும்பிடுறேன்னு அர்த்தமா?"

வாசலில் கை மையைத் துடைத்துக்கொண்டிருந்த, அச்சு இயந்திரம் ஓட்டுகிற மிஷின் அண்ணன் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"அந்த வணக்கம் வாயோட போயிடும் சார். இது எண்பதாயிரம் புத்தகத்துல போகும்."

"எழுதினவர் வெளிநாட்டுல இருக்கார், போன் எடுக்கல. மத்தியானம் அச்சுக்குப் பிளேட் போட்டாகணும். உங்க ஆளுங்க விஷயம்னா மட்டும் உனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வருது."

அதுதான் சுருக்கென்று தைத்தது.

"பதினேழு வருஷமா எல்லார் சாமிக்கும் நான்தான் சார் ஒற்று போட்டிருக்கேன். போன வருஷம் புத்தர் பிறந்த ஊரும் இறந்த ஊரும் மாறிக் கிடந்துச்சு. யார் பிடிச்சது?"

"நீதான்."

"அப்ப கெட்டிக்காரின்னீங்க. இப்ப ரோஷக்காரியா?"

மேலாளர் கெட்டவர் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கேட்பதற்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஆனால் கடிகாரம் அவரை ஆட்டிவைக்கும். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ஒரே ஒரு தடவை கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்தைப் போடும்மா. யாருக்குத் தெரியப் போகுது?"

ஒரே ஒரு தடவை. அந்த முதல் அடிமைகளில் ஒருவரைச் சுடுமணலில் கிடத்தி, நெஞ்சில் பாறாங்கல்லை ஏற்றிவைத்து, அவருடைய எஜமானும் இதையேதான் கேட்டான். நம்பியதை விட்டுவிட்டதாக ஒரு வார்த்தை சொல், எழுந்து போய்விடலாம். அவர் "ஒருவன், ஒருவன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். என் தலைக்கு மேல் மின்விசிறி ஓடுகிறது, நெஞ்சில் அடையாள அட்டைதான் தொங்குகிறது. அதற்கே நான் தயங்கியது எனக்கு வெட்கமாக இருந்தது.

"மாட்டேன் சார்."

"அப்ப கொண்டா, நானே போடுறேன்." தாளைப் பறித்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"போடுங்க. ஆனா வாசிச்சிட்டுப் போடுங்க. உங்க விதிதான்."

சுவரைக் காட்டினேன். 'ஒருவர் உரக்க வாசிக்க, ஒருவர் பார்க்க வேண்டும். வாசிக்காத பக்கம் இயந்திரத்துக்குப் போகாது.' நாலு வருஷத்துக்கு முன் 'ஆசிரியர் குறிப்பு' என்பது 'ஆசிரியர் குரைப்பு' என்று அச்சாகிப் பள்ளிக்கூடங்களே சிரித்த பிறகு, மேலாளரே எழுதி ஒட்டியது அது. வழக்கமாக எனக்கு வாசிக்கிறவர் கணீர். குரலுக்காக வைத்த பெயர். அன்று அவர் பல் பிடுங்கப் போயிருந்தார்.

"வாசிக்காம நான் ஏத்த மாட்டேன் சார். குரைப்புக்கு மெமோ எனக்குத்தான் கொடுத்தீங்க," என்றார் மிஷின் அண்ணன்.

மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பல்லைக் கடித்தபடி வாசிக்கத் தொடங்கினார். எங்கள் தொழிலில் புள்ளியையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அதையும் அவர் விடவில்லை. நான் அவர் பக்கத்தில் நின்று தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கம் கட்டுகிறவர்கள் கைவேலையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். இரண்டாம் பத்தி வந்தது.

"ஒரே இறைவனைத் தவிர வேறு எவரையும், காற்புள்ளி, அவர் தூதரேயானாலும், காற்புள்ளி, வணங்கக் கூடாது என்பதே இம்மதத்தின் அடித்தளம், முற்றுப்புள்ளி."

மூன்றாம் பத்தியை ஒரே மூச்சில் வாசித்தார். நான்காவதுக்கு வந்தார்.

"இம்மதத்தினர் நபிகள் நாயகத்தை நாள்தோறும் ஐந்து வேளை வணங்கு..."

அதற்கு மேல் வாய் போகவில்லை. கண் மட்டும் இரண்டாம் பத்திக்குப் போய்த் திரும்பியது.

"சார், இது எழுத்துப் பிழையா, கருத்துப் பிழையா?" என்று மிஷின் அண்ணன் ரொம்பப் பணிவாகக் கேட்டார்.

தாள் என் பக்கம் பறந்து வந்தது. "என்ன எழுதணுமோ எழுதித் தொலை!"

எழுதினேன். 'இம்மதத்தினர் நபிகள் நாயகத்தைப் பின்பற்றி ஏக இறைவனை நாள்தோறும் ஐந்து வேளை வணங்குகின்றனர்.' போகிற போக்கில் ஒரு ப் வேறு கூடியது. பதினேழு வருஷத்தில் நான் போட்ட ஒற்றுகளிலேயே எனக்கு அதுதான் பிடித்தது. பார்த்தவர் என்ற இடத்தில் வழக்கமான சுருக்கொப்பம் போடாமல் முழுப் பெயரையும் எழுதினேன். வாசித்தவர் என்ற இடத்தில் மேலாளர் கிறுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"திருத்தினது சரி. எல்லார் முன்னாடியும் என்னை எதிர்த்துப் பேசினது சரியில்ல. நாளைக்குக் காலையில இதே எல்லார் முன்னாடியும் தலைகுனிஞ்சு மன்னிப்புக் கேளு. இல்லன்னா உனக்கு இங்க நாற்காலி கிடையாது."

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். குளிர்பெட்டி பழுது பார்க்கிற என் வீட்டுக்காரர், கையில் திருகாணியோடு யோசித்தார்.

"கேட்டுட்டுத்தான் வந்துடேன். மன்னிப்புக் கேக்குறது வணங்குறதாகாதே."

"தப்பு பண்ணா காலைப் பிடிச்சுக்கூடக் கேப்பேங்க. பண்ணாத தப்புக்குத் தலைகுனிஞ்சா அதுக்குப் பேர் மன்னிப்பு இல்ல."

"வேலை போயிடும்."

"தெரியும். பயமாத்தான் இருக்கு."

மறுநாள் என் சாப்பாட்டுப் பையை அவரே எடுத்துக் கொடுத்தார்.

அச்சகத்தில் என் மேசைக்குப் பின்னால் வெற்றிடம். நாற்காலி மேலாளர் அறை மூலையில், சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தது. எல்லாரும் வேலை செய்வதுபோல் பாவலா காட்டினார்கள். மேலாளர் வாசலில் வந்து நின்றார்.

"வணக்கம் சார்," என்றேன். எப்போதும் சொல்கிற அதே வணக்கம். கழுத்து மட்டும் நேராக இருந்தது.

"அப்புறம்?" என்றார்.

"அப்புறம் பதினஞ்சாம் பாடம் சார். வந்துடுச்சா?"

அவர் போகச் சொல்லவில்லை. பாடம் மேசைமேல் இருந்தது. நின்றபடியே பேனாவைத் திறந்தேன்.

எதிரே கணீர் வந்து உட்கார்ந்தார். கன்னம் வீங்கியிருந்தது. என் பின்னால் நாற்காலி இல்லாததைப் பார்த்தார், கண்ணாடி அறையைப் பார்த்தார். தன் நாற்காலியைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்று, பஞ்சு வைத்த வாயால் வாசிக்க ஆரம்பித்தார்.