நான் உட்காராத சோபா

கோவம் வந்தா எனக்கு முதல்ல காதுதான் சூடாகும். அன்னிக்குக் கடையிலேர்ந்து வந்த கடிதத்தைப் பிரிச்சதும் ரெண்டு காதும் கொதிச்சுது.

'தாங்கள் தவணையில் வாங்கிய மூவர் அமரும் நீல நிற சோபாவுக்கான பாக்கியை வரும் திங்கட்கிழமைக்குள் செலுத்தவும். தவறினால் பொருள் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும்.'

சோபாவா? எங்க வீட்டுல உட்கார ரெண்டே ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அதுல ஒண்ணுக்குக் கால் ஆடும். அந்தக் கடையில நான் வாங்கினது பெரிய வாஷிங் மெஷின். மாசம் எழுநூறு, பன்னெண்டு மாசம். ஏழு மாசமா ஒரு நாள் தள்ளிப்போகாம கட்டியிருக்கேன். குழந்தைகள் காப்பகம் மூணுலேர்ந்து படுக்கை விரிப்பும் துண்டும் என் வீட்டுக்குத்தான் வெளுக்க வருது. மெஷின் நின்னா என் பொழப்பு நின்னுச்சு.

"இல்லாத சோபாவை எடுத்துட்டுப் போகட்டுமே, நமக்கென்ன?"ன்னார் என் வீட்டுக்காரர்.

"சோபா இல்லேன்னா வெறுங்கையோடவா போவாங்க? கண்ணுல படுற மெஷினைத் தூக்குவாங்கய்யா!"

அப்பத்தான் மனுஷன் டீ டம்ளரைக் கீழே வச்சார்.

ரசீதையெல்லாம் பையில போட்டுக்கிட்டு நேரா கடைக்குப் போனேன். மேனேஜர் ஃபைலைப் புரட்டி என் முன்னால வச்சார். முதல் பக்கத்துல சோபா, மாசம் ஆயிரத்து இருநூறு. கடைசிப் பக்கத்துல என் கையெழுத்து. சாட்சாத் என் கையெழுத்தேதான்.

"மாசம் ஐநூறு குறைச்சுக் கட்டியிருக்கீங்க. அதுக்குத் தாமதக் கட்டணம் வேற"ன்னார்.

"சார், நான் வாங்கினது மெஷின். இந்தாங்க உத்தரவாத அட்டை, உங்க கடை முத்திரை."

நம்பரைக் கம்ப்யூட்டர்ல தட்டிப் பார்த்துட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இந்த மெஷின் வேற ஒருத்தர் கணக்குல இருக்கு. முழுப் பணம் எட்டாயிரத்து நானூறும் கட்டி போன வாரமே முடிச்சுட்டார். அவரோட மெஷின் உங்க வீட்டுக்கு எப்படிம்மா வந்தது?"

அடப்பாவி! பணத்தையும் கட்டிட்டு நான் திருடியா?

காகிதத்தைப் பிடுங்கி வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தேன். முதல் பக்கத்துல ஸ்டேப்ளர் பின் குத்தின ஓட்டை ஒரு ஜோடி. என் கையெழுத்து இருந்த பக்கத்துல ரெண்டு ஜோடி. அப்பத்தான் எனக்குப் பொறி தட்டிச்சு. கூட்டமா இருந்தா இந்தக் கடையில கடைசிப் பக்கத்தை மட்டும் நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து"ம்பாங்க. பொருளும் விலையும் எழுதுற முன்பக்கத்தை உள்ளே உட்கார்ந்து சாவகாசமா நிரப்பி, அப்புறம் பின் அடிப்பாங்க. யாரோ ஒரு கட்டைப் பிரிச்சு மறுபடி அடிக்கிறப்போ என் கையெழுத்தை வேற ஒருத்தர் சோபாவோட சேர்த்துட்டாங்க. படிக்காம, நகல் கேட்காம கையெழுத்துப் போட்டது என் தப்பு, மறைக்கல. அதுக்காக ஊரான் சோபாவை என் தலையில கட்டுறதா?

மேனேஜர் முகத்துல லேசா சந்தேகம் வந்தது. ஆனா அவர் இறங்கி வரல. "அந்த ஆள் வந்து 'சோபா என்னுது'ன்னு எழுதிக் கொடுத்தா மாத்தலாம். இல்லேன்னா திங்கக்கிழமை வண்டி வரும்."

அந்த ஆளை எனக்கு ஞாபகம் இருந்தது. வரிசையில எனக்கு முன்னால நின்ன பஸ் டிரைவர். சோபா அகலத்துக்கு ரெண்டு கையையும் விரிச்சு வச்சுக்கிட்டு, "இறக்கினா அளவு மறந்துடும்மா, வீட்டு வாசல் வரைக்கும் இப்படியேதான் போகணும்"னு சொல்லிச் சிரிக்க வச்சார். பதினாலாம் நம்பர் ஓட்டுறதாச் சொன்னார்.

மறுநாள் காலையில பஸ் நிலையத்துல போய் நின்னேன். மூணு பதினாலு போச்சு. நாலாவதுல அவர் இருந்தார். ஜன்னல் வழியாவே எல்லாத்தையும் கொட்டினேன்.

அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமா சுருங்கிச்சு. "நீங்க சொல்றது சரிதாம்மா. மாசம் ஆயிரத்து இருநூறு, ஏழு மாசம் கட்டினேன். கணக்கு முடிஞ்சது, நன்றின்னு லெட்டர் வந்தது. ஏதோ தள்ளுபடி விழுந்துடுச்சுன்னு நினைச்சேன். மிச்சமான பணத்துல என் சம்சாரத்தை டிரைவிங் கிளாஸ்ல சேர்த்துட்டேன். ரொம்ப நாள் ஆசை அவளுக்கு."

"நீங்க வந்து சொன்னாத்தான் அண்ணே என் மெஷின் என் வீட்டுல இருக்கும்."

பின்னால வந்த பஸ் ஹாரன் அடிச்சுது. "யோசிச்சுச் சொல்றேம்மா"ன்னு கியரைப் போட்டுட்டுப் போயிட்டார்.

அவரைத் திட்டணும்னு வாய் துறுதுறுன்னுச்சு. வரல. அவர் இடத்துல நான் இருந்தா, முடிஞ்ச கடனைத் தேடிப்போய் மறுபடி தலையில ஏத்திக்குவேனா? சத்தியமா தெரியல.

திங்கக்கிழமை கடை திறக்கறதுக்கு முன்னாடியே போய் நின்னேன். வாசல்ல வண்டியும் ரெண்டு ஆளும் தயார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்க்கிறார், நான் தெருவைப் பார்க்கிறேன். பத்தே முக்காலுக்கு டிரைவர் வந்தார். அவருக்கு முன்னால, அவரை இழுக்காத குறையா, அவர் சம்சாரம், ஒரு குள்ளமான அம்மா.

"சோபா எங்க வீட்டுல இருக்கு. நீலக் கலர். சாயங்காலமானா இவர் அதுலதான் குறட்டை விடுறார். இன்னும் அஞ்சு மாசம் நாங்க கட்டணும். எங்க எழுதித் தரணும்?"ன்னாங்க அந்த அம்மா.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "மாத்திடலாம். ஆனா கணக்குல ஏறின தாமதக் கட்டணத்தை யாராவது ஒருத்தர்..."

"யாராவது ஒருத்தரா?" நான் போட்ட சத்தத்துல பிரிட்ஜ் பார்த்துக்கிட்டிருந்தவங்க எல்லாம் திரும்பினாங்க. "வாங்கின பொருளுக்குச் சொன்ன விலை, சொன்ன தேதியில. அதை நானும் கட்டினேன், அவரும் கட்டினார். இனியும் கட்டுவோம். உங்க ஆள் பின்னை மாத்தி அடிச்சதுக்கு நாங்க எதுக்கு சார் அழணும்?"

அந்த அம்மா "அதானே!"ன்னாங்க. பிரிட்ஜ் பக்கத்துலேர்ந்தும் ஒரு "அதானே" வந்தது. மேனேஜர் கட்டணத்தை நீக்கிட்டு, நீக்கினதா எழுதி முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

புதுக் காகிதம் வந்தது. நானும் அந்த அம்மாவும் முதல் பக்கத்துலேர்ந்து ஒரு வரி விடாம சத்தமாப் படிச்சோம். பின்னால வரிசை வாசல் வரைக்கும் நீண்டுச்சு. நீளட்டும்! நகலை வாங்கின பிறகுதான் நகர்ந்தோம்.

வெளியே வந்ததும் கேட்டேன். "டிரைவிங் கிளாஸ் என்னாச்சுக்கா?"

"இப்போதைக்கு வரலைன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அஞ்சு மாசம் கழிச்சு ஓட்டினா வண்டி நகராதா என்ன?" சிரிச்சாங்க. "இவர் நாலு நாளா என்கிட்ட சொல்லாம முழுங்கிட்டாரும்மா. நேத்துத்தான் வாயைத் திறந்தார். சொன்னதும் சோபாலேர்ந்து எழுந்துட்டேன். ராத்திரி பூரா தரையிலதான் உட்கார்ந்திருந்தேன்."

ஊரையே வாயால விரட்டுறவ நான். அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நடுத்தெருவுல நின்னு அழுதேன். டிரைவர் அண்ணன் பதறிப்போய், "ஐயோ, மறுபடி என்னம்மா தப்பா எழுதிட்டாங்க?"ன்னு காகிதத்தைப் பிரிக்க ஆரம்பிச்சார்.