நல்ல வால்வு

எங்கள் ஸ்டாண்டில் பொம்பளை டிரைவர் நான் ஒருத்திதான். செம்மேடு பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒன்பது கார்கள் நிற்கும்; அவரவருக்கு ஓர் இடம் உண்டு. கட்டியவன் திருப்பூருக்குப் போய் அப்படியே இருந்துவிட்ட பிறகு, நகையை விற்று வாங்கிய பழைய டீசல் கார் என்னுடையது. அதை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு கிடையாது. அருவிக்கும் வாசலூர்பட்டி படகுத்துறைக்கும் வருகிற குடும்பங்கள் என் வண்டியைத்தான் தேடிக் கேட்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். மற்றவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசிக்கிற புத்தி அப்போது இல்லை.

ஸ்டாண்டுக்குத் தலைவர் ரமேஷ்குமார் அண்ணன், என் பெரியப்பா மகன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி வந்ததும் என் வண்டியில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. அண்ணன் பானெட்டைத் திறந்தார். ரேடியேட்டர் குழாயில் தளர்ந்திருந்த கிளாம்ப்பை இறுக்கினார். அதோடு விட்டிருக்கலாம். இஞ்சினில் ஒரு மூடியையும் கழற்றி, உள்ளங்கையில் அடங்குகிற பித்தளைச் சாமான் ஒன்றை வெளியே எடுத்தார்.

"தெர்மோஸ்டாட் வால்வு கண்ணு. ஜாம் ஆயிருச்சு, தொறக்க மாட்டேங்குது. அதான் தண்ணி ஓடாம சூடாவுது."

"புதுசு வாங்கோணுங்களாண்ணா?"

"மலை வண்டிக்கு இதெதுக்கு? இங்க எவன் வண்டியிலயும் கெடையாது. வேணும்னா கேட்டுப் பாரு."

கேட்டேன். டீக்கடை பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். என் வண்டிக்குப் பக்கத்தில் வண்டி போடுகிற மாதன் மாமாவும் ஆட்டினார். அவர் சவாரி போயிருந்த நேரம் மகள் கவிதாவுக்குப் பிரசவ வலி எடுத்தபோது, என் வண்டியில்தான் நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு இறக்கினேன். பிறந்த பிள்ளைக்குக் கோகிலவாணி என்று என் பெயரையே வைத்தார்கள். அந்த மனுஷர் ஆட்டிய தலையை எப்படிச் சந்தேகப்படுவேன்? கழற்றியதைத் தூக்கிப்போட மனமில்லாமல் டேஷ்போர்டில் போட்டு வைத்தேன்.

அதன்பிறகு முள் மேலே ஏறவே இல்லை. வண்டி குளுகுளுவென்று ஓடுகிறது என்று நானே மெச்சிக்கொண்டேன். அது டீசலைக் கூடுதலாகக் குடித்தது. அப்புறம் ஆயிலைக் குடித்தது. அப்புறம் புகை விட்டது. போன வாரம் நாற்பதாவது வளைவில் நான்கு பேரோடு ஏற முடியாமல் நின்றேவிட்டது.

கட்டி இழுத்துக்கொண்டு போய் நாமக்கல்லில் விட்டேன். மெக்கானிக் அருள்மொழி பிரித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"வால்வு எங்கீங்கக்கா?"

"மலை வண்டிக்கு வேண்டாம்னாங்க."

"எவன் சொன்னான்? இஞ்சின் சூடேறுற வரைக்கும் தண்ணிய அது அடைச்சு வெக்கும், அப்பறம் தொறந்து உடும். அது இல்லாம உங்க ஊர்க் குளிர்ல ரெண்டு வருசமா சூடே ஏறாம ஓட்டியிருக்கறீங்க. உள்ள எல்லாம் தேஞ்சு போச்சு. இனி இது மலை ஏறாதுங்க."

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "உங்க ஸ்டாண்டு வண்டிக அத்தனைக்கும் நாந்தானுங்க வால்வு மாத்துறேன். ரமேஷ்குமார் அண்ணனுக்குப் போன மாசங்கூட ஒண்ணு போட்டேன்."

டேஷ்போர்டில் கிடந்ததை எடுத்துக் காட்டினேன்.

"கொதிக்கிற தண்ணியில போட்டுப் பாருங்க. தொறந்துச்சுன்னா நல்ல வால்வு" என்றான்.

அங்கேயே போட்டுப் பார்த்திருக்கலாம். நான் அதை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன்.

செம்மேட்டில் மற்ற டிரைவர்கள் எட்டுப் பேரும் இருந்தார்கள். டீக்கடைச் சின்னாயியிடம் ஒரு சட்டித் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னேன். "எல்லாரும் வந்து பாருங்க" என்று கத்திவிட்டு வால்வை உள்ளே போட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு நடுவிலிருந்த தட்டு மெல்ல நகர்ந்து, சுற்றிலும் விரல் கனத்துக்கு வழி விட்டது. புதுசே தோற்றுவிடும், அப்படித் திறந்தது.

"ஜாம் ஆயிருச்சுன்னீங்களேண்ணா?"

அண்ணன் முகம் கோணக்கூட இல்லை. "பொம்பளப் புள்ள தெனமும் எழுவது வளைவு ஏறி எறங்குறது மனசு கேக்கல கண்ணு. வண்டி மக்கர் பண்ணுச்சுன்னா நீயே உட்டுட்டு ஊட்டோட இருப்பேன்னு பாத்தேன். எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

என் நல்லதாம். நாசமாய்ப் போக என்று வாய்விட்டே சொன்னேன். அவர் சிரித்தார். அவரிடம் பேச இனி என்ன இருக்கிறது? திரும்பி மாதன் மாமாவைப் பார்த்தேன்.

"உங்களுக்குந் தெரியுங்களா மாமா?"

அவர் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரமேசு சொல்ல வேண்டாம்னான் சாமி. எனக்கும் இந்த ஸ்டாண்டுல பொழப்பு ஓடோணுமே."

அந்த நேரம் ஈரோட்டுக் குடும்பம் ஒன்று வந்து, பொம்பளை டிரைவர் வண்டி எது என்று கேட்டது. என் இடம் ஒரு வாரமாகக் காலியாகக் கிடந்தது. மாதன் மாமா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். தன் வண்டியை எடுத்து வந்து, என் இடத்தில் நிறுத்தி, அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.