எல்லைக்கோட்டில் அபிஷா

என் மனைவி அபிஷா ஆறு வருடம் இந்தியப் பெண்கள் கிரிக்கெட் அணிக்குக் கேப்டனாக இருந்தாள். போன மாதம் அந்தப் பொறுப்பை எடுத்து அதே அணியில் ஆடும் எங்கள் ஊர் மேலப்பாளையத்துப் பிள்ளை ஃபர்ஹத்திடம் கொடுத்துவிட்டார்கள். அபிஷாவிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்ணார்பேட்டையில் என் செல்போன் கடைக்கு வந்த ஒருவர்தான் செய்தியைக் காட்டினார். எனக்கு வந்த கோபத்தில் அவருடைய போனை ரிப்பேர் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தேன். பாவம், அந்த மனுஷன் என்ன செய்வார்.

ஃபர்ஹத் மேல் கோபமில்லை என்று சொன்னால் அது பொய். எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் கை நனைத்த பிள்ளை. “கொடுத்தா அது வேண்டாம்னா சொல்லும்?” என்று அபிஷா கேட்டாள். அந்த நியாயமெல்லாம் எனக்கு ஏறவில்லை.

புதுக் கேப்டனின் முதல் ஆட்டம். கடையில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தேன். பந்து வீசப் போகிற நேரத்தில் அபிஷா பழக்கதோஷத்தில் கையைத் தூக்கி, கவர் திசையில் நின்ற பிள்ளையைத் தள்ளி நிற்கச் சொன்னாள். அதுவும் தள்ளி நின்றது. அடித்த பந்து, அந்தப் பிள்ளை முதலில் நின்ற இடத்தின் வழியாகவே நான்குக்குப் போனது. யார் கேப்டன் என்று அபிஷாவுக்கு மறந்துவிட்டதாம், வர்ணனையாளர்கள் சிரித்தார்கள். அவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை தலை குனிந்தே நின்றாள்.

அன்று போனில் பேசினாள்.

“அந்தப் பிள்ளைக்கு நான் எடைஞ்சலா இருக்கேங்க. அடுத்த ஆட்டத்தோட விலகிக்கிடுதேன்.”

“வந்துரு அபி. இவனுவளுக்கு நீ ஆடுனது போதும்.”

வீம்பாகச் சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வயதிலிருந்து மட்டையைக் கீழே வைக்காதவள், அதை வைத்துவிட்டு எப்படி இருப்பாள் என்று நினைத்தபோது சோறு இறங்கவில்லை.

அடுத்த ஆட்டம் வந்தது. கேப்டனாக இருந்த காலமெல்லாம் பந்து வீசுகிறவளுக்குப் பக்கத்திலேயே நின்றவள், அன்று தானே கேட்டு எல்லைக்கோட்டுக்குப் போனாள். அவ்வளவு தூரத்தில் நின்றால் கை தூக்கினாலும் யாரும் பார்க்கமாட்டார்கள் அல்லவா.

ஃபர்ஹத் விக்கெட் கீப்பர். ஸ்டம்பில் இருக்கும் மைக் வழியாக அவள் பேசுவதெல்லாம் டி.வி.யில் கேட்கும். எதிரணிக்காரிகள் வெளுத்து வாங்கினார்கள். அவளும் ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்தாள், ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் எல்லைக்கோட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“அபிக்கா, அங்கன எதுக்கு நிக்கீங்க? இங்கன என் பக்கத்துல வாங்க. எனக்குப் பயமா இருக்கு.”

வர்ணனையாளர்களுக்குத் தமிழ் தெரியாது. ஏதோ வியூகம் மாற்றுகிறார்கள் என்று பெரிதாக விளக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அபிஷா ஓடிவந்து கீப்பருக்குப் பக்கத்தில், ஸ்லிப்பில் நின்றாள்.

“வந்துட்டேன். பதறாத. யார எங்கன நிறுத்தணும்னு நீயே சொல்லு. நான் கூட நிக்கேன்.”

ஃபர்ஹத் கையைத் தூக்கினாள். அபிஷா தன் கைகளைப் பந்துக்காகக் குவித்து வைத்துக்கொண்டாள்.

ஆட்டம் தோற்றுத்தான் போனது. ஆனால் போனில் வந்த அபிஷாவின் குரல் தெளிந்திருந்தது.

“விலகுததச் சொல்லிட்டியா?” என்று கேட்டேன்.

“இல்லங்க. ஆறு வருசம் நான் தனியாப் பயந்துக்கிட்டு நின்னது போதும். அந்தப் பிள்ளையும் அப்படி நிக்க வேண்டாம்.”